ரஃபு துரையிடம் ரிப்பேருக்கு வந்த செடி

பெங்களூரில் தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் குளிருக்குப் பயந்தவர்கள் உண்டு, மாமியாருக்குப் பயந்தவர்கள் உண்டு. ஓட்டைக்குப் பயந்தவர் என்று நான் கண்டது ரஃபு துரை ஒருவரைத்தான்.

கிழிந்த துணியில் இழைக்கு இழை கோத்து, கிழிந்த இடமே தெரியாமல் மூடுகிற வேலைக்கு எங்கள் பக்கம் ரஃபு என்று பெயர். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துரை என்பது அவர் போட்டிருந்த கோட்டுக்காக வந்த பேர். யாரோ வெள்ளைக்காரர் கழித்துப் போட்ட கோட்டு அது. இவர் ரஃபு செய்து ரஃபு செய்து, வெள்ளைக்காரர் துணி அதில் ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை, முழுக்க இவர் நூல்தான் என்று சொல்வார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் ஒரே அறையை இடுப்பளவுப் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் அவர் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். மறு பாதியில் நான் இஸ்திரி போடுவேன். என் பெட்டி போட்ட மடிப்பில் காய் நறுக்கலாம் என்று பேர் வாங்கியவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முன்வரிசைக்காரர் கோட்டு முதுகில் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று இவர் கண்ணில் பட்டுவிட்டது. பிரசங்கம் முடிவதற்குள் பின்னாலிருந்தபடியே ஊசியை ஓட்டி மூடிவிட்டார். அந்த மனிதர் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றினால் சட்டையும் கூடவே வந்ததாம்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன காலம் அது. இவரிடம் வருஷக்கணக்காகத் துணி கொடுத்துக்கொண்டிருந்த ஒரு துரைசானி வீட்டுச் சமையல்காரர், ஒருநாள் தொட்டியோடு ஒரு செடியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"அம்மா கப்பல் ஏறிட்டாங்க. இதை உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்குள் வளர்க்கிற செடி. இப்போது பெரிய ஓட்டல்களில் எல்லாம் வைக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. முறம் அகலத்துக்கு இலை. ஒவ்வொரு இலையிலும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ரஃபு துரைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, இதை எதுக்குக் கொடுத்திருக்காங்க?"

"வளக்கத்தாண்ணே."

"ஓட்டையோட ஒரு சாமானை என்கிட்ட எதுக்குக் கொடுப்பாங்க? ரிப்பேருக்குத்தான். வந்து கேப்பாங்க."

"கப்பல் ஏறிட்டாங்கண்ணே."

"ஏறினவங்க இறங்காமலா இருப்பாங்க?"

துணிக்குக் கட்டுகிற மாதிரியே நம்பர் போட்ட சீட்டு ஒன்றைச் செடியின் கழுத்தில் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைப் பெற்ற பிள்ளைக்கும் யாரும் படமாட்டார்கள். வெயிலில் வைத்தார். இலை கருகியது. குடம் குடமாக ஊற்றினார். பழுத்தது. பிறகுதான் அதன் மனசு புரிந்தது. வெளிச்சம் வேண்டும், வெயில் படக்கூடாது. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஜன்னலிலிருந்து மூன்று முழம் தள்ளி வைத்து, தேங்காய் நார் சுற்றிய கொம்பு நட்டு, துணி நாடாவால் கட்டினார். தண்டிலிருந்து வேர் தொங்கினால், "நூல் பிரிஞ்சு தொங்குது" என்று நாருக்குள் செருகிவிடுவார். இலை தின்னும் பூச்சியைப் பிடிக்க வேப்பெண்ணெய், சோப்புத் தண்ணீர், புகையிலைத் தண்ணீர் எல்லாம் ஆயிற்று. புகையிலை நெடியில் நான் தும்மினேன், என் வாடிக்கைக்காரர்கள் தும்மினார்கள். பூச்சி மட்டும் வரவே இல்லை.

செடி கூரையைத் தொட்டது. வளர வளர ஓட்டையும் கூடியது. முதலில் இலைக்கு நாலு இருந்தது, பதினாலு ஆயிற்று.

பால்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ரஃபு கடையிலேயே ஓட்டையா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் பாட்டுக்குப் போய்விட்டார். இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்போது புது இலை ஒன்று, மடக்கிய குடை மாதிரி சுருண்டு நின்றது. அதற்கு மஸ்லின் பை தைத்துப் போட்டு, எறும்பு நுழையாமல் வாயைக் கட்டினார்.

"இந்த ஒரு இலையாச்சும் முழுசா விரியணும். அதுவரைக்கும் வேற துணியைத் தொட மாட்டேன். இதுலயும் ஓட்டை விழுந்தா இனிமே ஊசியையே தொட மாட்டேன். சாமி சத்தியம்."

அந்த வாரம் பார்த்தா என் பெட்டியிலிருந்து கரிப்பொறி தெறிக்க வேண்டும்? அதுவும் ஒரு மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டில், நெஞ்சுக்கு நேரே. மிளகளவு ஓட்டை. திங்கட்கிழமை கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்துக் கிடந்த சமயம். அந்தப் பெட்டி ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

கோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கை தானாக எழுந்தது. சட்டென்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"சத்தியம் பண்ணிட்டேன் தங்கச்சி. அதை அந்தப் பக்கம் எடுத்துக்கிட்டுப் போ. என்னால பாக்க முடியலை."

சனிக்கிழமை காலையில் மஸ்லினுக்குள் இலை விரிந்தது. அவர் பையை அவிழ்த்தார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

இலை முழுக்க ஓட்டை.

அவர் கடையும் போச்சு, என் கடையும் போச்சு என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு ஓட்டையின் ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றி வந்தார். இன்னொரு ஓட்டையிலும் அப்படியே.

"இங்க வா தங்கச்சி. தொட்டுப் பாரு. பூச்சி தின்னா ஓரம் பிசிறும். கிழிஞ்சா இழை நிக்கும். இதுல ஒரு பிசிறு இருக்கா?"

"இல்லண்ணே."

"ஓரம் மடிச்சு முடிச்ச வேலை இது. பட்டனுக்குக் காஜா எடுத்த மாதிரி. உள்ள இருக்கறப்பவே எடுத்திருக்கு. இது ஓட்டையே இல்லை."

எழுந்து நின்று, அந்த இலைக்கு ஒரு சலாம் வைத்தார். கேலிக்கு இல்லை. பெரிய வேலைக்காரனுக்குச் சின்ன வேலைக்காரன் வைக்கிற சலாம்.

அப்புறம் குரலே மாறிவிட்டது.

"அப்ப அம்மா இதை ரிப்பேருக்குக் கொடுக்கலை. எனக்கேதான் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"இதுல ஓட்டை விழலை, சத்தியமும் போகலை. அந்தக் கோட்டை எடு."

கோட்டின் உள்மடிப்பிலிருந்தே இழை உருவி, பொழுது சாய்வதற்குள் முடித்தார். மாப்பிள்ளையின் அம்மா வந்து வாசல் வெளிச்சத்தில் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இஸ்திரி நல்லாத்தான் இருக்கு," என்று மட்டும் சொன்னாள். அந்தம்மா வாயிலிருந்து அது வந்ததே பெரிய விருது.

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்ணே?" என்று கேட்டேன்.

"துணிக்குத் தண்ணி தெளிக்கறப்ப இந்தப் பக்கமும் ஒரு கை தெளி. அதுக்கு ஈரம் புடிக்குது."

அன்றைக்கு ஆரம்பித்துப் பதினோரு வருஷம், காலையில் முதல் கைத் தண்ணீர் பலகைக்கு மேலே அந்தச் செடிக்குத்தான். பாதி அவர் மேலும் விழும். ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அவர் கண்ணை மூடிய பிறகு செடியை அவர் மகள் கொண்டுபோனாள். அந்தப் பாதிக்கு ஒரு கடிகாரம் ரிப்பேர்க்காரர் வந்தார். காலையில் என் கை தானாக ஒரு வீச்சுத் தண்ணீரை அந்தப் பக்கம் வீசிவிடும்.

"என்னம்மா இது, தினமும்?" என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

கை கேட்க மாட்டேன் என்கிறதே, நான் என்ன செய்வேன்.