வலது கண் திறந்த சேதி

எழுமலை,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜய்ஆனந்த் அவர்களுக்கு, மாமியார் ஒச்சம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பசுமாடும் பிக்கப் வண்டியும் சுகம். சென்னையில் நீங்களும் என் மகள் தமிழ்வாணியும் பேத்தியும் சுகமாக இருக்கத் திருப்பரங்குன்றத்து முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

நிற்க. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அத்தை" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். "ஒரு பல்பு மாத்த ஆளில்லாத வீட்டுல பிக்கப் எதுக்கு அத்தை? ஞாயித்துக்கிழமை வாங்குற ஆளோட வாரேன், வித்துருவோம்" என்றீர்கள். வண்டி போனால் என் மல்லிகைப்பூவை மதுரைக்கு எதில் அனுப்புவேன், எதை நம்பி இந்த வீட்டில் தனியாக இருப்பேன்? ஐந்தாம் வகுப்பு வரை முதல் மார்க்கு வாங்கியவள் நான். பல்பை நானே மாற்றிவிட்டேன்.

வண்டியின் வலது விளக்கு அணைந்தது, உங்கள் மாமாவுக்குக் காரியம் முடிந்த அன்று. கடைசியில் அவருக்கு மங்கியதும் வலது கண்தான். டிரைவர் சிவபாண்டி, "ஒத்தக் கண்ணோட போனா எதுக்க வாரவன் பைக்குனு நெனச்சு மேலயே ஏத்த வாரான் அப்பத்தா, நான் மாட்டேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டான். மதுரை சிம்மக்கல் போய் பல்பு வாங்கினேன். கடைக்காரர் கருத்தக்கண்ணன், "கண்ணாடியில வெரல் படக் கூடாது அப்பத்தா, துணியால புடிங்க" என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கோயில் சிலைக்குக் கண் திறக்கிற முறைதான் இது. திறக்கிறவர் நேரே பார்க்கக் கூடாது, எதிரே ஆள் நிற்கக் கூடாது, கண் திறந்ததும் முதலில் கண்ணாடியைத்தான் காட்ட வேண்டும். படிச்சவுக அதையே வேற மாதிரி சொல்றாக, அம்புட்டுத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாமா சவரம் செய்யும் கண்ணாடியை எதிரே சாத்தி, புது பல்பை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்து, முந்தானையால் என் கண்ணைக் கட்டிக்கொண்டு, திறந்த பானெட்டுக்குள் விளக்கின் பின்னால் கையை விட்டேன். சிவபாண்டி தள்ளி நின்று, "ஒயரப் புடுங்குங்க, கம்பிய அமுக்குங்க" என்று சொல்லச் சொல்ல, பழசை இன்னொரு மஞ்சள் துணியில் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, மடியிலிருந்து எடுத்து மாட்டினேன். மாடு கத்தியது.

"அப்பத்தா, லைட்டு எரியுது!"

"நீ போட்டியாடா?"

"நானா? சாவி ஒங்க இடுப்புல கெடக்கு!"

கட்டை அவிழ்த்தேன். இடது விளக்கு எரியவில்லை, வலது மட்டும். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, வாசல் வழியாக வீட்டுக்குள் போய், சுவரில் மாலை போட்ட மாமா படத்தில், வலது கண்மேல் நின்றது. படம் கண் சிமிட்டியது என்கிறான் சிவபாண்டி. நான் நம்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட என்னைப் பார்த்துக் கண் சிமிட்டாத மனுஷர் அவர்.

அன்றிலிருந்து கோழிகள் வண்டிக்கு முன்னால் போவதில்லை. வளைவு வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பும் முன்பே வெளிச்சம் திரும்பிவிடுகிறதாம், மறுபடி ஓட்ட வந்துவிட்ட சிவபாண்டி சொல்கிறான். கேட்கிறவர்களிடம் சிம்மக்கல் பல்பு நல்ல சரக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆளை அழைத்து வர வேண்டாம். நீங்கள் மட்டும் வாருங்கள், கோழி அடிக்கிறேன். பல்பு மாற்ற இந்த வீட்டில் ஆள் இருக்கிறது.

பேத்தி தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாரும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
பல்பு மாற்றத் தெரிந்த
ஒச்சம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுமுன் அன்று கட்டிய சேலையைத் துவைக்க எடுத்தேன். மடியிலிருந்து மஞ்சள் துணி விழுந்தது. உள்ளே பளபளவென்று புது பல்பு. சிவபாண்டி ஓடிப்போய் வண்டியில் இருப்பதைக் கழற்றினான். கறுத்துப்போய், கம்பி அறுந்து, ஆட்டினால் கலகலக்கிறது. பழசேதான். திரும்ப மாட்டினோம், எரிகிறது. ஆக, பல்பை நான் மாற்றவில்லை மாப்பிள்ளை. வண்டியை விற்பது பற்றி இனி என்னிடம் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, வண்டிக்கு நேர் எதிரே நின்று, உங்கள் மாமாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.