நாலு ‘ங்’

“ஏனுங்க்கா, ‘எல்லாரும் தவறாம வாங்ங்ங்ங்க’ன்னு போயிருக்குதே. இது அழைப்புங்களா, கொசு கத்துதுங்களா?”

முதலாளி மோகன்குமார் செல்போனை நீட்டியதும் டைப்பிஸ்ட் ராமாமணி வாங்கி ‘ங்’களை எண்ணினாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் கம்பெனி. புது மோட்டார் அறிமுகக் கூட்டத்துக்கு நாற்பது டீலர்களைக் கூப்பிட்டு அவள் அடித்த அழைப்பு, வாட்ஸ்அப்பில் நேற்றே ஊர் ஊராகப் போய்விட்டது. ‘ங்க’ என்று அடிக்கும்போது அவள் வாயாலும் சொல்லுவாள். வாய் இழுக்கிற வரைக்கும் விரலும் விசையை விடாது. பழைய கம்ப்யூட்டர் அதைப் பொறுத்துக்கொண்டது, போன வாரம் வந்த புதுசு பொறுக்கவில்லை.

இன்றைக்குள் ஒழுங்காகத் திருத்தம் அனுப்பாவிட்டால் நாளை முதல் ஸ்டோரில் வாஷர் பிரிக்கப் போகலாமுங்க என்றார் முதலாளி. எங்கள் பக்கத்தில் அடி விழுந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் விழும். இருபத்தாறு வருஷத்து நாற்காலி, போனால் திரும்ப வராது.

விண்டோஸில் கீபோர்டு செட்டிங்கைத் திறந்தாள். விசையை அழுத்திப் பிடித்தால் எத்தனை நேரம் பொறுத்து எழுத்து மறுபடி விழும் என்பதற்கு இழுத்து நகர்த்துகிற ஒரு கோடு. விழ ஆரம்பித்தபின் எத்தனை வேகம் என்பதற்கு இன்னொரு கோடு. பொறுமையைக் கூட்டுவதாக நினைத்து வேகத்தைக் கூட்டிவிட்டாள். நாலு ‘ங்’ ஒன்பதாயிற்று.

டிசைன் பிரிவு ஷாநவாஸிடம் ஓடினாள். அவனுடையது லினக்ஸ். எழுத்து திரும்ப விழுவதையே அடியோடு நிறுத்திக் கொடுத்தான். ஆனால் அழிக்கிற விசையும் அதோடு படுத்துக்கொண்டது. தப்பாக அடித்த ஒரு பத்தியை அழிக்க எழுத்துக்கு ஒரு தட்டாகத் தட்டினாள். பாதியிலேயே விசை பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. அவன் அதை வாங்கிப் பசை தடவ ஆரம்பித்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கடைசியாக முதலாளி மகள் லோகப்பிரியாவின் மேக் கம்ப்யூட்டர். கெஞ்சி உட்கார்ந்து, பொறுக்கிற நேரத்தை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தாள். எழுத்து அடங்கியது. திருத்தத்தில் தப்பைக் காட்டுவதற்காக இப்போது நாலு ‘ங்’கையும் அவளே தனித்தனியாகத் தட்ட வேண்டியிருந்தது.

‘திருத்தம்: “வாங்ங்ங்ங்க” என்பதை “வாங்க” என்று படித்துக்கொள்ளவும்.’

மாசாணியம்மனை வேண்டிக்கொண்டு நாற்பது பேருக்கும் அனுப்பினாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கூட்டம். பதினொன்றாகியும் ஒரு நாற்காலிகூட நிறையவில்லை. கேசரி ஆறிப்போனது. மோகன்குமார் ஸ்டோர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு அன்னூர் டீலர் பாலுசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஏன் ஒருத்தரும் வரவில்லை என்று கேட்டார்.

பாலுசாமியின் குரல் கம்மலாக வந்தது.

“ஏனுங்க, நாலு ‘ங்’ போட்டு அத்தனை மரியாதையாக் கூப்பிட்டுப்போட்டு, மறுநாளே மூணு ‘ங்’கைப் புடுங்கிக்கிட்டா, நாங்க எந்த மூஞ்சியோடங்க வாரது?”