துலா மழையும் என் மீன் நிலவரமும்

தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசுவதற்குப் பெரிய துணிச்சல் எல்லாம் வேண்டாம். குரல் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும். எனக்கு இருந்தது. அதனால் வந்த வினைதான் இது.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பிறந்ததிலிருந்து ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சந்தையில் மீன் வாங்கினால்கூடப் பையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். (சாப்பிடுவதில் தயக்கம் கிடையாது. அது வேறு துறை.) ஆனால் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு, எந்த அணையில் தண்ணீர் எப்படி இருக்கிறது, எந்த மீன் எந்தக் கரையில் கடிக்கும் என்று வாராவாரம் சனிக்கிழமை மூன்று மணிக்குக் குரல் பதிவில் ‘நிலவரம்’ சொன்னவன் நான்தான்.

எனக்கு ஊர் எலப்புள்ளி. வேலை கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில். இரும்புக் கம்பிகளை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று சீட்டு ஒட்டுவேன். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஞாயிறு விடிந்தால் வாளையார் அணைக் கரையில் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு. வாரத்து நிலைமையை யாராவது சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று பேச்சு வந்தபோது, “நம்ம கதிர் சொல்லட்டும். ரேடியோக்காரனாட்டக் கொரலு” என்றார்கள். நான் மறுக்கவில்லை. யாராவது புகழ்ந்தால் அதை மறுக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

அணைக்கட்டுப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவரிடம் போன் போட்டுத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பேன். மழை விவரம் கைபேசியில் வந்துவிடும். மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

“ஐப்பசி பொறந்துருச்சுங்க. மேக்க மழை பேஞ்சு தண்ணி செம்மண்ணாக் கலங்கிக் கெடக்குதுங்க. கலங்கத் தண்ணியில மீனுக்குக் கண்ணு தெரியாதுங்க, மூக்குத்தான். அதனால கோதும மாவுல ரெண்டு ஏலக்காயத் தட்டிப் போட்டுப் பெசைஞ்சு பாருங்க” என்று ஒரு வாரம் அடித்துவிட்டேன். அதைச் சொன்ன நேரத்தில் எங்கள் அம்மா அடுப்படியில் பாயசம் வைத்துக்கொண்டிருந்தாள். ஏலக்காய் யோசனைக்கு வேறு எந்த ஆதாரமும் இல்லை.

எங்கள் தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் ஜெனி வேலை செய்தாள். குமுளிக்குப் பக்கம் ஆனைக்கரைக்காரி. இரண்டு வருடமாக எங்களுக்குள் பழக்கம், அது கல்யாணம்வரை போகவேண்டும் என்று இருவருக்கும் எண்ணம். எங்கள் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒரு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், “அந்தப் புள்ள மீனு நல்லா ஆக்குமாடா?” என்று கேட்டாள். அதுதான் சம்மதம். ஜெனி வீட்டில் அவள் அப்பா ஞானராஜ் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மாதா கோயிலுக்குப் போகாத நேரத்தில் தூண்டிலும் கையுமாக இருப்பார்.

அந்த மனிதரின் கைக்கு என் ஏலக்காய் நிலவரம் யார் யாரோ அனுப்பி அனுப்பிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வீடு முழுக்க ஏலக்காய். இரண்டைத் தட்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரே காலையில் மூன்று கெண்டை. அடுத்த வாரம் ஜெனி ஊருக்குப் போனபோது அவர் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாராம். “அப்பா, இதுதான் கதிர்” என்று சொல்லியிருக்கிறாள்.

“ஏலக்கா சொன்ன தம்பியா? வரச் சொல்லு.”

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி கேரளாவுக்குள் ஏறி, சனிக்கிழமை மதியம் ஆனைக்கரை போய்ச் சேர்ந்தேன். “பேன்ட் போட்டுட்டு வா, கதிர். இங்க ஏத்தமும் எறக்கமுமா இருக்கும்” என்று ஜெனி முன்னமே சொல்லியிருந்தாள். நான் கேட்கவில்லை. பெண் கேட்கப் போகிறவன் வேட்டியில் போனால்தான் மரியாதை என்று, பச்சைக் கரை போட்ட புது நாலு முழம், இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வகை, கட்டிக்கொண்டு போனேன். உள்ளே என் தம்பியின் மஞ்சள் கால்பந்து நிக்கர்.

மணி மூன்றானது. ஞானராஜ் கைகட்டி என் எதிரில் உட்கார்ந்து, “நேரமாச்சுல்லா தம்பி?” என்றார். அவர் கண் முன்னாலேயே நிலவரம் பேச வேண்டியதாயிற்று. பேசினேன். வாளையார், சுள்ளியார் எல்லாம் முடித்துவிட்டு, அவரைக் குளிரவைக்கிற எண்ணத்தில், “நாளைக்கு இடுக்கிப் பக்கம் மழையே கெடையாதுங்க. சாயங்காலம் வரைக்கும் வெயிலுதான்” என்று சேர்த்துக்கொண்டேன். கைபேசி அப்படித்தான் காட்டியது. அது எலப்புள்ளி வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது என்பதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஜீப்பில் கிளம்பினோம். பெரியாறு இடுக்கி அணைத் தண்ணீரோடு சேருகிற கரை ஒன்றில், ஜெனியின் சித்தி வீடு மேட்டின்மேல் இருந்தது. ஜெனியும் அவள் அம்மா தங்கமும் சமையலுக்கு அங்கே நின்றுகொண்டார்கள். நாங்கள் இருவரும் தூண்டில்களோடு கீழே இறங்கினோம்.

ஒரு பெரிய பாறையின் அடியைக் காட்டி அவர் சொன்னார், “முப்பது வருசமா நான் இங்கதான் இருப்பேன். இன்னைக்கு நீங்க சொல்லுங்க தம்பி. எங்க போடலாம்?”

இங்கேயே போடலாம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை. நான் புருவத்தைச் சுருக்கித் தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர்தான். ஐம்பது அடி தள்ளிக் கோரைப்புல் முளைத்த ஒரு மண் திட்டு தெரிந்தது. கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்தே போகலாம்.

“அந்தத் திட்டுங்க, அங்கிள். ரெண்டு பக்கமும் ஓட்டமிருக்குதுங்க. கெண்டை அங்கதான் ஒதுங்கும்.”

“அங்க நான் போனதே இல்ல” என்றார். குரலில் மரியாதை இருந்ததால், ஏன் போனதில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

திட்டில் நின்று தூண்டிலைச் சுழற்றி வீசினேன். முள் என் செருப்பில் மாட்டியது. இரண்டாவது வீச்சில் கோரைப்புல். மூன்றாவதில் இரை மட்டும் தனியே பறந்துபோய் எங்கோ விழுந்தது. வெறும் முள் என் காலடிக்கே திரும்பி வந்தது.

“புது முறையா தம்பி?” என்று கேட்டார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். (அதுதான் தாங்க முடியவில்லை.)

ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. அவர் மெல்ல வானத்தைப் பார்த்தார். “மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருதே தம்பி. இன்னைக்கு மழை இல்லன்னுல்லா சொன்னீய?”

“அது மேகமுங்க. சும்மா போயிருமுங்க.”

சும்மா போகவில்லை. துலா மாதம் என்று மலையாளத்தில் சொல்லும் ஐப்பசி மழை இடியைக் கூட்டிக்கொண்டுதான் வரும். வந்து கொட்டியது. மலைமேல் எப்போதிலிருந்து பெய்துகொண்டிருந்ததோ, திரும்பிப் பார்த்தால் நாங்கள் நடந்து வந்த வழியைக் காணோம். செம்பழுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மண்புழு டப்பாவும் அவருடைய செருப்பு ஒன்றும் எங்கள் முன்னாலேயே மிதந்து போயின. திட்டு ஒரு பாய் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

ஞானராஜ் தூண்டிலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இந்த வயதில் என்னை நம்பி இங்கே வந்து நிற்கிறாரே என்று நினைத்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அங்கிள், ஒண்ணு சொல்லோணுங்க. எனக்கு மீனப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க. ஒரு மீனுகூடப் புடிச்சதில்லீங்க. நெலவரமெல்லாம் நானாச் சொல்றதுங்க. ஏலக்காயும்தானுங்க.”

அவர் மழையில் கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது இதுதான்:

“எனக்கு நீச்சல் தெரியாது தம்பி. இது வீட்ல யாருக்கும் தெரியாது. சொல்லிராதீய.”

முப்பது வருடம் ஆற்றங்கரையில் உட்கார்ந்த மனிதர். பாறையை விட்டு ஏன் நகர்ந்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நல்லவேளை, எலப்புள்ளியில் கிணற்றில் குதித்து வளர்ந்தவன் நான். நீச்சல் ஒன்றுதான் நான் பொய் சொல்லாமல் தெரியும் என்று சொல்லக்கூடிய விஷயம். “எம்பட தோளைப் புடிச்சுக்குங்க. தண்ணியப் பாக்காதீங்க, எம்பட முதுகப் பாத்துட்டே வாங்க” என்றேன். தூண்டிலைப் போட்டுவிடச் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அதை ஒரு கையிலும் என் தோளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

முழங்கால், தொடை, இடுப்பு. காலால் தடவித் தடவி நடந்தேன். பாதி வழியில் ஒரு பள்ளம். நெஞ்சுவரை உள்ளே போனேன், பின்னாலேயே அவரும். அவர் “யேசுவே” என்றார். அதே நொடியில் நான் “பழனியாண்டவா” என்றேன். இரண்டு பேரில் யார் முதலில் காது கொடுத்தார்களோ, கால் தரையைத் தொட்டது. “மாமா, விட்றாதீங்க! கெட்டியாப் புடிங்க, மாமா!” என்று நான் கத்தியது நினைவிருக்கிறது. வாயிலிருந்த ‘அங்கிள்’ எங்கே போனது என்று தெரியவில்லை.

கரையேறி இருவரும் சேற்றில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மழை குறையத் தொடங்கியது. இடுப்புக்குக் கீழே ஜில்லென்று இருந்தது. நனைந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். மேட்டிலிருந்து குடைகளைப் பிடித்துக்கொண்டு ஜெனியும் தங்கம் அம்மாவும் ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் அவர் கையிலிருந்த தூண்டில் வளைந்தது.

“தம்பி! கொத்திருச்சு!”

சற்றுமுன் உயிருக்குப் பயந்து நின்றவரின் முகம் குழந்தை முகமாகிவிட்டது. எழுந்து நின்று இழுத்தார். தூண்டில் நரம்பு விறைத்தது. “பெருசு தம்பி, பெருசு! ஆள இழுக்கு!” நானும் எழுந்து ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையின் முதல் மீன் வரப்போகிறது என்ற பரவசத்தில் நான் வேறு எதையும் பார்க்கவில்லை. தண்ணீருக்கடியில் வெள்ளையாக, அகலமாக ஒன்று புரண்டது.

“வெள்ளக் கெண்டையாட்ட இருக்குதுங்க!” என்றேன், என் கனத்த குரலில்.

அது மேலே வந்தது. ஓரத்தில் பச்சைக் கரை இருந்தது.

பள்ளத்தில் விழுந்தபோது தொங்கிக்கொண்டிருந்த முள் வேட்டியில் மாட்டியிருக்கிறது. ஒட்டு பிய்த்துக்கொண்டு போனது எனக்குத் தெரியவில்லை. ஞானராஜ் முழு வேட்டியையும் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மஞ்சள் நிக்கர், தொடையில் பத்து என்று எண். தங்கம் அம்மா குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கிக்கொண்டே இருந்தது. ஜெனி பாவம், தன் துப்பட்டாவைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

குடைக்குப் பின்னாலிருந்து தங்கம் அம்மாவின் குரல் வந்தது. “மீனுக்கு மசாலா அரைச்சு வச்சிட்டேனே. இத வெட்டியா கொளம்பு வைக்க?”

முட்டையை அவித்து அந்த மசாலாவில் போட்டார்கள். நான் மாமாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். எல்லாம் முடிந்தது, அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்றுதான் மனம் ஓடியது. யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் அவர் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“கல்யாணத்துக்கு பேன்ட் போட்டுக்கிடுங்க தம்பி.”

ஜெனி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நான் எழுந்து நின்றேன். கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்.

நிலவரத்தை அதோடு நான் விட்டுவிட்டேன். இப்போது சனிக்கிழமைகளில் மாமாதான் சொல்கிறார். பத்து வார்த்தைக்கு மேல் போவதில்லை. “மேல மழை. வெள்ளம் கூடுது. போவாதீய.” முன்பைவிட அதிகம் பேர் கேட்கிறார்கள்.

கல்யாணமான மறு வருடம் கோடையில், முட்டி வலிக்கு எண்ணெய் வைத்தியம் என்று வீட்டில் சொல்லிவிட்டு எலப்புள்ளிக்கு வந்து இருபது நாள் தங்கினார். இடுப்பில் லாரி டியூபைக் கட்டி எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டேன். பதினேழாவது நாள் டியூபைக் கழற்றினோம். என் கையில் சாய்ந்து மல்லாந்து மிதந்தபடி, “விட்டுட்டீயளா தம்பி?” என்று மூன்று முறை கேட்டார். விட்டு வெகு நேரம் ஆகியிருந்தது. போன மாதம்தான் தங்கம் அத்தையிடம் தானே உண்மையைச் சொன்னார். அதனால்தான் இதை எழுத எனக்கு அனுமதி கிடைத்தது.

எங்கள் வீட்டில் மீன் மசாலாவில் முட்டை போட்டால் அதற்குப் பெயர் வேட்டிக் குழம்பு. எங்கள் மகள் முதல் வகுப்பில், மதியச் சாப்பாடு என்ன என்று கேட்ட டீச்சரிடம் இந்தப் பெயரைச் சொல்லி வைக்க, வீட்டில் எல்லாம் சரிதானா என்று விசாரித்து எனக்கு போன் வந்தது. நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அந்த டீச்சர், “சார், ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.