சிம்மாசனமும் நாலு மாதக் குட்டியும்

"இந்த வீட்டை விட்டு நான் போனாலும் போவேன், என் நாற்காலி போகாது!"

கூடத்தின் நடுவில் நின்று அவர் இப்படி முழங்கியபோது கேட்பதற்கு இரண்டு ஜீவன்கள்தான் இருந்தன. ஒன்று மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள், வீட்டில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இன்னொன்று முந்தின நாள் அவளுடைய அக்கா வீட்டிலிருந்து வந்து இறங்கிய நாய்க்குட்டி. அது நாற்காலியின் காலை மோந்து பார்த்துவிட்டு ஒரு கடி கடித்ததுதான் முழக்கத்துக்குக் காரணம்.

"சரிங்க" என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல்.

எதிர்த்துப் பேசாமல் அவள் "சரிங்க" சொன்னால் மனிதர் உஷாராக வேண்டாமா? ஆகவில்லை. வீராவேசத்தில் இருந்தார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஏணியில் ஒரு படி ஆடினாலும் சரி, கையுறையில் ஒரு தையல் விட்டிருந்தாலும் சரி, சட்டைப் பையிலிருந்து சிவப்பு அட்டையை உருவிக் கட்டிவிடுவார். அட்டை விழுந்த சாமான் அன்றைக்கே வெளியே போயாக வேண்டும். அப்பீல் கிடையாது. தொழிலாளிகள் முதுகுக்குப் பின்னால் அவரைச் 'சிவப்பட்டை' என்பார்கள். அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பகல் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. உட்கார வீட்டில் அந்த மெரூன் ரெக்சின் நாற்காலிதான். தொழிற்சாலையில் பழைய மேனேஜரின் அறையைக் கலைத்தபோது கேட்டு வாங்கி வந்தது. அதில் சாய்ந்தால் அவரே மேனேஜர். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது என்பதால், ஸ்பிரிங் இடுப்பில் குத்துவதும், நாற்காலியின் இடது கைப்பிடியில் பிளாஸ்டர் ஒட்டியிருப்பதும், உட்காரும்போதெல்லாம் யாரோ கழுத்தை நெரித்தாற்போல அது அலறுவதும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மனைவிக்குப் பட்டது. ஒரு தடவை பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். இவர் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடி, அந்த ஆள் சொன்ன விலைக்குத் திருப்பி வாங்கித் தலையில் சுமந்து வந்தார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார் மனிதர்.

இப்போது இந்தக் குட்டி. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிற பருவம். ஈறு ஊறுகிற ஊறலில் சுவரைக்கூட விட்டுவைக்காது போலிருந்தது.

"கடிக்கிறதுக்கு ஏதாவது பொம்மை வாங்கணும்ங்க."

"வாங்கு. ஆனா நான் சோதிச்சுப் பார்க்காம எதுவும் அது வாய்க்குப் போகக் கூடாது."

"பின்னே? உங்களை விட்டா யாருக்கு அதெல்லாம் தெரியும்?"

இதைக் கேட்டு அவர் ஒரு சாண் வளர்ந்தார்.

மறுநாள் சாயங்காலம் ஒரு துணிக் கரடி வந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் பொத்தான். பிச்சு முழுங்கிடும். வயித்துக்குள்ள என்ன இது, அமுக்கினா கீச்சுங்குது? இதையும் முழுங்கிட்டா அப்புறம் குட்டி குரைக்காது, கீச்சுங்கும்."

"ஐயோ, எனக்குத் தோணவே இல்லைங்க!"

கரடிக்குச் சிவப்பு அட்டை.

அடுத்தது கயிற்று முடிச்சு. நுனியைப் பிரித்தார், இழை இழையாக வந்தது. "குடல்ல சிக்கும்." அட்டை. ஒரு ரப்பர் பந்து வந்தது. "சின்னது. தொண்டையில போய் அடைச்சுக்கும். வாய்க்குள்ள முழுசாப் போகாத சைஸ்ல வாங்கத் தெரியாதா?" அட்டை. அப்புறம் ஒரு மாட்டுக்கொம்பு.

"கடைக்காரர் சொன்னார், இது ஜென்மத்துக்கும் உடையாதாம்."

"அவன் சொன்னா ஆச்சா?" என்று கொம்பை வாங்கித் தன் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தார். 'கடக்' என்று சத்தம் வந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கொம்பு உடையவில்லை.

பல் டாக்டரிடம் போய், வீங்கின கன்னத்தோடு திரும்பி வந்து புதுச் சட்டம் போட்டார். "கட்டைவிரல் நகத்தால அழுத்தினா கொஞ்சமாவது பதியணும். பதியலேன்னா அது பல்லை உடைக்கும்."

"அனுபவப்பட்டவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இவர் இப்படிக் கொடி நாட்டிக்கொண்டிருக்க, குட்டியின் வாய்க்கு மட்டும் எதுவும் போய்ச் சேரவில்லை. நாற்காலியின் மேல் பல் பதிந்த ஒவ்வொரு அடையாளத்தையும் பார்த்து அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். குட்டிக்குப் பொறுக்கிற வழக்கம் இல்லை. முதலில் பிளாஸ்டர் போயிற்று. பிறகு பின்பக்கத்து ரெக்சினில் ஒரு ஓட்டை விழுந்தது.

"இதோட மெத்தையை ஏன் நாற்காலி பக்கத்துலேயே போடறே? சமையல்கட்டுல போடு."

"போட்டுப் பார்த்தேங்க. அழுவுது. உங்க வாசனை இருந்தாத்தான் தூங்குது, நான் என்ன பண்ணட்டும்?"

குட்டி அவர் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக் கண்ணை மூடியது. அவ்வளவுதான், மனிதர் கரைந்துபோனார். ஆனாலும் விடவில்லை. ஆபீஸ் விட்டு வந்தால் நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை. சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. "பார்த்துடலாம், அதுவா நானா" என்று சபதம். தான் உட்கார்ந்திருப்பது முன்பக்கம், குட்டி வேலை பார்ப்பது பின்பக்கம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னாலிருந்து இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தார். குட்டி கழுத்தை நீட்டி, கண் பிதுங்க, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. பாய்ந்து தூக்கி வாய்க்குள் விரலை விட்டார். ஒரு பிடி பஞ்சு வந்தது. கூடவே ரெக்சினை அடித்திருந்த சின்ன ஆணி ஒன்றும் வந்தது. குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு அவர் மூக்கை நக்கியது. அவர் தரையில் உட்கார்ந்து அதை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். இத்தனை பிரியம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மனைவியும் ஓடி வந்தாள். பஞ்சையும் ஆணியையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. குட்டியின் வாயைத் திறந்து நன்றாகப் பார்த்த பிறகுதான் பேசினாள்.

"அந்தக் கரடியை ஏங்க வேண்டாம்னீங்க?"

"பிஞ்சு வர்ற பாகம் இருந்துச்சு."

"கயிறு?"

"இழை பிரிஞ்சுது. இப்ப எதுக்கு அதெல்லாம்..."

அவள் பஞ்சு வழியும் நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்கதான் அதிகாரி."

அவர் குட்டியை மடியிலிருந்து இறக்கி விட்டார். அப்புறம் எழுந்து, மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, நாற்காலியின் வலது கையில் கட்டினார்.

"நல்லாக் கேட்டுக்கோ. இதை நானாத்தான் அனுப்பறேன். யார் சொல்லியும் இல்லை. யாராலயும் என்னை அனுப்ப வைக்க முடியாது!"

"அது தெரியாதாங்க எனக்கு?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தாமே தூக்கிப்போய்ப் பழைய சாமான்காரரின் வண்டியில் ஏற்றினார். திரும்பி வந்தபோது மனைவி போனை வைத்துவிட்டுப் பிரிட்ஜைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தடித்த ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துக் குட்டியிடம் நீட்டினாள்.

"இரு, இரு! சோதிக்காம என்ன அது?" என்று பிடுங்கினார். நகத்தால் அழுத்தினார்; பதிந்தது. குட்டியின் வாய்க்கு முழுசாகப் போகாத அளவு. பொத்தான் இல்லை, நூல் இல்லை, ஒட்டில்லாத ஒரே வார்ப்பு. ஈறுக்கு இதமாகச் சில்லென்று வேறு இருந்தது. குறை கண்டுபிடிக்க இரண்டு சுற்றுச் சுற்றினார். கிடைக்கவில்லை. ஓரத்தில் மட்டும் பல் பட்ட தடம் நிறைய இருந்தது.

"இதை எப்ப வாங்கினே?"

"குட்டி வந்த மறுநாளே. நீங்க ஆபீஸ் போனதும் கொடுப்பேன். பாவம், பகல் பூரா சமர்த்தா இதையேதான் கடிக்கும்."

"அப்ப சாயங்காலத்துல?"

"சாயங்காலம் நீங்கதான் சோதனை பண்ணுவீங்களே. கழுவிப் பிரிட்ஜுல வெச்சிடுவேன்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் வாசல் மணி அடித்தது. சோபாக் கடைக்காரர், கூட இரண்டு ஆட்கள், புத்தம் புது சோபா. நாற்காலி இருந்த மூலையில் ஒரு விரற்கடை இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியது.

"எப்படிய்யா இவ்வளவு சரியா?" என்றார் அவர்.

"அம்மா ரெண்டு மாசம் முன்னாடியே அளவு கொடுத்துட்டாங்களே சார். துணி மட்டும் கெட்டியாப் போடச் சொன்னாங்க. வீட்டுக்கு நாய்க்குட்டி வரப்போகுதாம்."

ஆட்கள் போனார்கள். அவர் கூடத்தின் நடுவில் நின்றார். காது, மூக்கு எல்லாம் சிவந்திருந்தது.

"என் உயிர் உள்ள வரைக்கும் நான் இந்த சோபால உக்கார மாட்டேன்! உக்காரவே மாட்டேன்!"

"தெரியுங்க" என்றாள் மனைவி, குட்டியைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தபடி. "அதான் ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி வாங்கினேன்."