சனிக்கிழமைதோறும் நான் படி பெருக்குகிறேன்

ஒரு நாளாவது இந்த வீட்டில் நான் பேச வேண்டும், ஹெட்விக் கேட்க வேண்டும். போன இலையுதிர் காலத்தில் இப்படி ஒரு வீர முடிவெடுத்தேன். எடுத்திருக்கவே கூடாது.

கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் வாய் அவளுடையது, காது என்னுடையது. ஜெர்மனியில் எங்கள் ராய்ட்லிங்கன் ஊரிலேயே பேச்சில் அவளை ஜெயித்தவர் கிடையாது. ஆனால் எங்கள் மகள் லியோபா வாழ்க்கைப்பட்டது ஸ்காட்லாந்தில். அவளுடைய மாமியார் மோரக் ஈஸ்டருக்கு வருவதாகத் தகவல் வந்தது. சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் தவிர எதுவும் தெரியாது. ஹெட்விக்குக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியாது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் இந்த ஜென்மத்தில் வராது என்று மாலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்கச் சேர்ந்துவிட்டேன். வீட்டில் சொன்னது, புதன்கிழமை சாயங்காலம் சீட்டாட்டம்.

ஆசிரியை ஜில்லியன் சிரித்த முகத்துக்காரி. முதல் பாடம் சிம்பிள் பிரசன்ட்.

"ரொம்ப சுலபம், ஓய்கன். நீங்க வழக்கமா செய்றதைச் சொல்லுங்க, போதும். தினமும், வாராவாரம், வீட்டுல என்ன செய்வீங்க?"

யோசித்தேன். வழக்கமாக நான் செய்வது, உட்கார்வது. அதற்குப் பிறகு, இன்னும் வசதியாக உட்கார்வது. இதை வைத்து எத்தனை வாக்கியம் ஓட்ட முடியும்? வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மானம் போகிறதே என்று, ஹெட்விக் செய்வதையெல்லாம் எடுத்து என் பெயரில் போட்டுக்கொண்டேன்.

"சனிக்கிழமைதோறும் நான் படி பெருக்குகிறேன். ஆப்பிள் கேக் சுடுகிறேன். ஜன்னல் துடைக்கிறேன். துணிகளுக்கு இஸ்திரி போடுகிறேன்."

"அடடா! உங்க மனைவி கொடுத்து வச்சவங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. அந்த ருசியில் வாராவாரம் புதிதாக ஒரு வேலையைச் சேர்த்துக்கொண்டே போனேன். ஆனால் சொல்லச் சொல்ல மனசு உறுத்தியது. இத்தனையும் அவள் ஒருத்தியே செய்கிறாள் என்பது அந்த அந்நிய மொழியில்தான் எனக்கு உறைத்தது. ரொம்ப வருத்தப்பட்டேன். வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து, அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மோரக் வந்து சேர்ந்தார். காபி, கேக், மேஜை நிறையப் பூ. ஹெட்விக் ஒரு வார்த்தை பேசாமல் கேக் வெட்டினாள். அந்த மௌனத்தை ஆசை தீர அனுபவித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். என் கைவசம் இருந்த ஆங்கிலமே அவ்வளவுதான், வேறு எதைச் சொல்வேன்?

"சனிக்கிழமைதோறும் நான் படி பெருக்குகிறேன்."

மோரக் கோப்பையைக் கீழே வைத்தார். "நிஜமாவா? நீங்களா?"

"ஆப்பிள் கேக் சுடுகிறேன்."

"இந்தக் கேக்கும் நீங்க சுட்டதுதானா? என் வீட்டுக்காரருக்கு அடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது!"

ஹெட்விக்கைப் பார்த்தேன். பாவம், ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில். என்னுடையதைவிட நல்ல ஆங்கிலத்தில்.

"அவர் சொல்றதெல்லாம் உண்மைதான், மோரக். இன்னிக்கும் சனிக்கிழமைதானே? அதுவும் இந்த வாரம் எங்க முறை. வாங்க, அவர் பெருக்குறதைப் பார்க்கலாம்."

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டின் முறையோ, அந்த வீட்டுக் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். அந்த வாரம் படி, வாசல், நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஹெட்விக் அந்தப் பலகையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள். மோரக் போட்டோ எடுத்து உடனே லியோபாவுக்கு அனுப்பினார். கீழ்வீட்டுத் திருமதி ஷ்வெங்க் சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

"அடேங்கப்பா, நிஜமாவே பெருக்குறீங்களே! அந்த மூலையை விட்டுட்டீங்க பாருங்க."

கடைசிப் படிக்கு வந்தபோது முதுகு என் முதுகாக இல்லை. ஹெட்விக் ஆய்வு செய்ய இறங்கி வந்தாள்.

"உனக்கு எப்படி இங்கிலீஷ் வந்துச்சு?" என்றேன், மூச்சு வாங்க.

"நீ புதன்கிழமை சீட்டாடப் போனேல்ல? நான் செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சிக்குப் போனேன்."

"உடற்பயிற்சியில இங்கிலீஷா சொல்லித் தர்றாங்க?"

"சீட்டாட்டத்துல தரும்போது இதுல தரக்கூடாதா? அதே ஸ்கூல், அதே ஜில்லியன். எங்க வகுப்புல எல்லாரும் பொம்பளைங்க. ஜில்லியன் சொல்ற உதாரணம் பூரா புதன்கிழமை வகுப்புல இருக்கிற ஒரே ஆளைப் பத்தித்தான். ஓய்கன் படி பெருக்குகிறார். ஓய்கன் கேக் சுடுகிறார். ஓய்கன் இஸ்திரி போடுகிறார்."

"அது நான்தான்னு சொல்லிட்டியா?"

"பெருமையா சொன்னேன். ஒருத்தியும் நம்பல."

அப்பாடா என்று படியிலேயே உட்கார்ந்தேன்.

"அதனால அடுத்த சனிக்கிழமை எல்லாரும் நேர்ல பார்க்க வர்றாங்க. கேக்கும் நீதான் சுடணும்."

"அடுத்த வாரம் ஷ்வெங்க் வீட்டு முறையாச்சே!" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

"அவளும் எங்க வகுப்புதான். அவ முறையை உனக்கே விட்டுக்கொடுத்துட்டா. வருஷம் பூரா."