இடது கையைப் பின்னால் வீசவும்

டென்னிஸ் தெரியுமா என்று யாராவது கேட்டால், "ஏதோ கொஞ்சம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். நான் சொன்னேன். என் விஷயத்தில் "ஏதோ கொஞ்சம்" என்பதே அப்பட்டமான மிகை.

திண்டிவனத்தில் மோட்டார் பம்பு விற்கும் கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. விழுப்புரத்தில் ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் கலைவாணி. எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் தெரிந்தது (கேசரித் தட்டை மறுபடியும் என் பக்கமாக நகர்த்தினாள்). பாக்கி இருந்தது அவள் அப்பா ஏழுமலையின் சம்மதம். வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவர். வல்லம் பக்கம் சொந்த நிலம், பெரிய மீசை, டென்னிஸ் பைத்தியம்.

"தம்பி, டென்னிஸ் ஆடுவீங்களா?"

"ஏதோ கொஞ்சம் ஆடுவேங்க."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. நாம ரெண்டு பேரும் ஒரு பக்கம். ஆளு எப்படின்னு கோர்ட்டுல தெரிஞ்சிடும்."

கல்லூரியில் சும்மா தட்டியிருக்கிறேன். வலது பக்கம் வந்தால் அடிப்பேன். இடது பக்கம் வந்தால் சுற்றி ஓடி, அதையும் வலது பக்கமாக்கி அடிப்பேன். பேக்ஹேண்ட் என்பதே என்னிடம் கிடையாது. அதனால் செல்போனில் வீடியோ பார்த்தேன். இரண்டு கையால் அடிப்பது சுலபம் என்றார் பயிற்சியாளர். ஆனால் ஒரு கையால் அடிப்பது இருக்கிறதே! கொக்கு சிறகை விரிக்கிற மாதிரி அப்படி ஓர் அழகு. கலைவாணி பார்த்தால் அதைத்தான் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தோளைத் திருப்பு. வலது காலை முன்னால் வை. இடது கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோ. மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு, பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தி. அடிக்கிற அதே நேரம் இடது கையைப் பின்னால் வீசு, இல்லாவிட்டால் உடம்பு சுழன்று பந்து திசைமாறிவிடும். இந்தக் கடைசிப் பாடத்தில் நான் மிகவும் தேர்ச்சி பெற்றேன். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) குடோன் சுவரில் அடித்துப் பழகியது போக, வீட்டில் பீரோ கண்ணாடி முன்னாலும் வீசினேன்.

"இன்னாடா, ஈ ஓட்டிக்கினு இருக்க?" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை. கோர்ட்டில் நான் வலது பக்கம், ஏழுமலை இடது பக்கம். எதிரே ஒரு டாக்டரும் அவர் தம்பியும். ஓரத்துப் பெஞ்சில் கலைவாணி, அவள் அம்மா, என் அம்மா. வழக்கம்போலச் சுற்றிச் சுற்றி ஓடிச் சமாளித்தேன். "நல்லா ஓடுறீங்க தம்பி" என்றார் ஏழுமலை (அன்று என் ஆட்டத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு).

அப்போது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. எனக்கு இடது கைப் பக்கம். நடுவில் வரும் பந்தை இடது பக்கம் நிற்பவர் எடுப்பதுதான் வழக்கம் என்பது அங்கே என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"நான் எடுக்குறேன்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் ஏழுமலை. என் காதில் விழுந்தது செல்போன் பயிற்சியாளரின் குரல் மட்டும்தான். தோளைத் திருப்பினேன். காலை வைத்தேன். அடித்தேன். மட்டையின் நடுவில் பட்டு, டாக்டருக்கும் தம்பிக்கும் இடையே சீறிப் போனது பந்து.

அதே நொடியில் பளாரென்று இன்னொரு சத்தம்.

பின்னால் வீசிய என் இடது கை, பின்னால் வந்துகொண்டிருந்த ஏழுமலையின் கன்னத்தில் போய் நின்றிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மூக்குக்கண்ணாடி வலையருகே கிடந்தது.

"பாவி! சம்பந்தியை அடிச்சிட்டானே!" என்று அலறினார் அம்மா (அவர் இன்னும் சம்பந்தி ஆகியிருக்கவில்லை. இனி ஆகப்போவதும் இல்லை என்று எனக்குத் தோன்றியது).

ஓடிப்போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். "மன்னிச்சிடுங்க ஐயா. வீடியோவுல அப்படித்தான் சொன்னாங்க."

"என்னை அடிக்கச் சொல்லியா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். "டாக்டரே, பந்து உள்ளயா, வெளியயா?"

"உள்ளதாங்க. கோட்டு மேலயே வுழுந்துது."

"அப்ப பாயிண்ட் நம்மளுது" என்று எழுந்தார்.

பெஞ்சில் கலைவாணி துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள், என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கியதும் அம்மா, "வேற எடம் பாக்கலாம். டென்னிஸ் தெரியாத எடமா" என்றார்.

சாயங்காலம் ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. நின்றுகொண்டே எடுத்தேன்.

"தம்பி, பெரிய பேஜாராப் போச்சு. இந்தப் பொண்ணு மத்தியானத்துலர்ந்து சிரிச்சிக்கினே இருக்கா. என் மூஞ்சப் பாத்தாலே சிரிக்கிறா, ஒரு வாய் சோறு துன்ன முடியல. அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அம்மாவ ஜல்தியா ஒரு தேதி பாக்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, இனிமே நீங்க எதிர்ப் பக்கந்தான் ஆடணும்."

எங்கள் கல்யாண ஆல்பத்தில் குடும்பப் படம் ஒன்று இருக்கிறது. பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாக என் வலது பக்கம் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். இடது பக்கம் கலைவாணி மட்டும், சிரித்துக்கொண்டு. வீட்டுக்கு வருகிற யாராவது அந்தப் பக்கத்தைப் புரட்டி, ஏன் இப்படி என்று கேட்காமல் இருப்பதில்லை. உடனே என் மாமனார் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அது பெரிய கதைங்க, உக்காருங்க" என்பார். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.