மாமனாரின் இரட்டைக்குழல்

தேய்த்த உப்புத்தாளை விலக்கிப் பார்த்தபோதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது: துருவோடு சேர்ந்து லண்டனும் போய்விட்டது.

துப்பாக்கியின் இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில்தான், அதைச் செய்த லண்டன் கம்பெனியின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. இப்போது அங்கே அவருடைய முகம் தெரிந்தது.

ஐம்பதைத் தாண்டியவர். அலுவலகத்தில் அவர் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மாமனார் முன்னால் மட்டும் இன்னும் அவர்தான் நிற்பார். அந்த மாமனார், சுடுகிற காலம் என்றோ முடிந்துபோன தன் இங்கிலீஷ் துப்பாக்கியை முதல்முறையாக நம்பி ஒப்படைத்து, "புதுசாக்கி வைங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். உங்களால முடியும்தானே?" என்றிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டுவரும் அதே கேள்வி.

"படிச்சுப் பார்த்துட்டுத் தொட்டிருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"தொட்ட பிறகுதானே என்ன படிக்கணும்னே தெரியுது!"

படித்தார். பழைய துப்பாக்கியைப் பளபளப்பாக்குவது பாவம் என்று உலகத்து நிபுணர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பளபளப்பை மறைக்கப் பழுப்பேற்றும் திரவத்தைத் தடவினார். குழல் சிறுத்தை மாதிரி புள்ளி புள்ளியானது. பார்ப்பவர் கண் அங்கே போகாமலிருக்க மரக்கட்டையைத் தேய்த்து மெருகேற்றினார். மரம் மெலிந்து, இரும்பு எல்லாம் நோயாளியின் தோள் எலும்பாகத் துருத்திக்கொண்டது.

"அந்தப் பேராவது ஞாபகம் இருக்கா உனக்கு?"

"அப்பா சொல்வாரே... யாரோ அண்ட் சன்ஸ்."

"லண்டன்ல பாதிப் பேர் அண்ட் சன்ஸ்தான்!"

இணையத்தில் துழாவி, இருப்பதிலேயே கம்பீரமான 'அண்ட் சன்ஸ்' ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பரிசுக் கோப்பைகளில் பெயர் பொறிப்பவரிடம் ஓடினார். அவர் அழகாகத்தான் வெட்டினார். ஆனால் கைப்பழக்கத்தில் பெயருக்கு இருபுறமும் நட்சத்திரம் வைத்துவிட்டார்.

"நட்சத்திரம் எதுக்குய்யா?"

"ஜெயிச்சவங்களுக்குப் போடறதுதானே சார். நீங்க ஜெயிக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். மாமனார் துப்பாக்கியை மடியில் கிடத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பட்டையைப் படித்தார். மறுபடியும் படித்தார். உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மாமா, அது வந்து..."

"அதே பேரு," என்று மாமனார் முந்திக்கொண்டார். "அதே நட்சத்திரம். அப்படியே இருக்கு. பரவாயில்லையே, மாப்பிள்ளை!"

மாமனார் ஏனோ தலையை நிமிர்த்தவே இல்லை.

பக்கத்திலிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, எங்கப்பா குடுத்த துப்பாக்கியில இருந்த பேரை நீங்க தேய்ச்சு அழிச்சிட்டு, அவர் வர்றதுக்குள்ள ஓடிப்போய் வெட்டிட்டு வந்தது வேற பேராச்சே?"